ஃபிரேம் ஆர்டர் போடும் முன் ஃபிட்: ரோடு சைக்கிளுக்கு உடம்பை அளக்கும் வரிசை

விலை ஏற ஏற ரோடு சைக்கிள் வளைந்துகொடுப்பது குறைந்துகொண்டே போகும். சாதாரண அலுமினியச் சைக்கிளில் ஸ்டெம் (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு) நீளமாகத் தெரிந்தால் ஓர் ஆலன் கீ, கால் மணி நேரம், வேறு ஸ்டெம் மாட்டியாயிற்று. ஹேண்டில்பாரும் ஸ்டெமும் ஒரே கார்பன் துண்டாக வார்க்கப்பட்டு, பிரேக் ஹோஸ் முழுக்க உள்ளே ஓடும் சைக்கிளில் அதே மாற்றத்துக்கு ஹோஸைக் கழற்ற வேண்டும், ஹோஸ் முனையை இறுக்கி அடைக்கும் ஆலிவ் வளையத்தை மாற்ற வேண்டும், ஆயில் விட்டு, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றி பிளீட் செய்ய வேண்டும். புது ஹேண்டில்பாரின் விலை தனி. ஆளுக்கென்று செய்யும் கஸ்டம் ஃபிரேம் என்றால் கேட்கவே வேண்டாம், குழாயை ஒட்டியபின் திரும்பிப் போக வழியில்லை.

அதனால் இந்த ரகத்தில் ஃபிட் என்பது டெலிவரி அன்று கடைக்காரர் சீட்டை ஏற்றி இறக்கித் தருவதல்ல. ஆர்டருக்கு முன்பே, கையில் இருக்கும் சைக்கிளிலோ ஃபிட் ஸ்டுடியோவின் அளவு மாற்றும் சைக்கிளிலோ, நான்கு எண்களைக் கண்டுபிடித்தாக வேண்டும்: சீட் எவ்வளவு உயரம், எவ்வளவு பின்னால், ஹேண்டில்பார் எவ்வளவு முன்னால், எவ்வளவு மேலே. நான்கையும் கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுழலும் அச்சின் மையத்திலிருந்து, அதாவது பி.பி. மையத்திலிருந்து அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயர் மாற்றியதும் எண் பொய்யாகிவிடும்.

தேவையான சாமான்கள்: சைக்கிளை ஓரிடத்தில் நிறுத்தி மிதிக்க உதவும் டிரெய்னர், 60 செ.மீ. ரசமட்டம், கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு, அளவு டேப், 4, 5 மி.மீ. ஆலன் கீ, முறுக்கு விசையைக் காட்டும் டார்க் ரெஞ்ச், மின்கம்பிக்குச் சுற்றும் கறுப்பு டேப், பக்கவாட்டில் வீடியோ எடுக்க ஒரு போன்.

சைக்கிள் மட்டமாக நிற்கிறதா

பலரும் தாண்டிப் போகும் படி இது. டிரெய்னரில் மாட்டியதும் முன் அச்சும் பின் அச்சும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் உள்ளனவா என்று டேப் வைத்துப் பாருங்கள். இரண்டு சக்கர அச்சுகளுக்கும் இடையே ஏறத்தாழ 985 மி.மீ. தூரம். பின்பக்கம் வெறும் 10 மி.மீ. தூக்கி நின்றாலும் சைக்கிள் அரை டிகிரிக்கு மேல் முன்னால் சாயும். சீட் உயரத்தில் அது 7 மி.மீ. முன்நகர்வு. அன்று நீங்கள் தேடிக் கண்டுபிடிக்கும் பின்தள்ளல் எண் முழுக்கத் தவறாகிவிடும், சாலையில் இறங்கியதும் எல்லாம் வேறு மாதிரி இருக்கும். முன்சக்கரத்தின் கீழ் பலகையோ பழைய புத்தகமோ வைத்து மட்டம் பாருங்கள்.

பாதத்திலிருந்து மேலே

வரிசை கட்டாயம்: க்ளீட் (ஷூவின் அடியில் பெடலோடு பூட்டிக்கொள்ளும் துண்டு), சீட் உயரம், சீட் பின்தள்ளல், சாய்வு, கடைசியில்தான் ஹேண்டில்பார். ஒவ்வொன்றும் அடுத்ததை நகர்த்தும், அடுத்தது முந்தையதை அவ்வளவாக நகர்த்தாது.

க்ளீட்டுக்கு ஷூவைப் போட்டுக்கொண்டு பெருவிரலின் அடிமுட்டியையும் சுண்டுவிரலின் அடிமுட்டியையும் விரலால் தடவிக் கண்டுபிடியுங்கள். இரண்டுக்கும் நேராக ஷூவின் பக்கவாட்டில் டேப் ஒட்டிக் கோடு போடுங்கள். பெடல் அச்சு இந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் விழ வேண்டும். சந்தேகம் வந்தால் இரண்டு மி.மீ. பின்னால் வையுங்கள். முன்னால் போனால் கெண்டைக்கால் அதிகம் உழைக்கும், குதிகால் தசைநாண் வலிக்கும், நீண்ட ஓட்டத்தில் முன்பாதம் எரியும். பின்னால் போவதால் வரும் தொல்லை அதைவிடக் குறைவு.

கோணத்துக்கு உயரமான மேசை விளிம்பில் உட்கார்ந்து கால்களைத் தொங்கவிடுங்கள். பாதம் வெளிப்பக்கம் பார்க்கிறது என்றால் அதை நேராக்க முயல வேண்டாம், க்ளீட்டை அதற்கு ஏற்பத் திருப்புங்கள். கட்டாயமாக நேராக்கப்பட்ட பாதம் முறுக்கத்தை முழங்காலுக்கு அனுப்பிவிடும். பாதம் லேசாக அசைய இடமும் வேண்டும். ஷிமானோவின் எஸ்.பி.டி.-எஸ்.எல். பெடலில் மஞ்சள் க்ளீட் 6 டிகிரி விடும், நீலம் 2, சிவப்பு பூஜ்யம். லுக் கம்பெனியின் கியோ பெடலில் சிவப்பு 9, சாம்பல் 4.5, கறுப்பு பூஜ்யம். இரண்டு கம்பெனியிலும் சிவப்புக்கு நேரெதிர் அர்த்தம் என்பதால் கடையில் நிறத்தை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். மஞ்சளிலோ சாம்பலிலோ ஆரம்பிப்பது நல்லது. போல்ட் மரையில் கிரீஸ் தடவி 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் வரை முறுக்குங்கள்.

சீட் உயரம்

வெறுங்காலுடன் சுவரை ஒட்டி நின்று, பாதங்களை 15 செ.மீ. விலக்கி, கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே மட்டமாக மேலே தள்ளுங்கள். சீட்டில் உட்காரும்போது எவ்வளவு அழுத்தம் தெரியுமோ அவ்வளவு அழுத்த வேண்டும். கூச்சப்பட்டு மெதுவாகத் தொட்டால் ஒரு செ.மீ. குறைந்துவிடும். புத்தகத்தின் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளப்பதுதான் உள்கால் நீளம். மூன்று முறை அளந்து நடுவில் வருவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இதை 0.883ஆல் பெருக்கினால் பி.பி. மையத்திலிருந்து சீட் மேல்பரப்பு வரை வரும் உயரம் கிடைக்கும். 1986, 1989, 1990 ஆண்டுகளில் டூர் டி பிரான்ஸ் வென்ற கிரெக் லெமாண்ட் பெயரில் வழங்கும் கணக்கு, அவர் பயிற்சியாளர் சிரில் கிமார் வழியாக வந்தது. இன்னொரு பழைய கணக்கு, உள்கால் நீளத்தில் 109 சதவீதத்தைக் கீழே நிற்கும் பெடலிலிருந்து சீட் வரை வைப்பது. உள்கால் 82 செ.மீ. உள்ளவருக்கு முதலாவது 724 மி.மீ. தரும். இரண்டாவது 894 தரும், அதில் 170 மி.மீ. கிராங்கைக் கழித்தால் மறுபடி 724. எண்கள் ஒத்துப்போகின்றன என்பதற்காக அதுவே முடிந்த முடிவு என்று நினைத்துவிடக் கூடாது. ஷூவின் அடித்தடிப்போ, பாதத்தின் நீளமோ, குதிகாலைத் தொங்கவிட்டு மிதிக்கும் பழக்கமோ இரண்டு கணக்கிலும் இல்லை. இது ஆரம்பிக்கும் இடம், அவ்வளவுதான்.

அங்கே வைத்து இருபது நிமிடம் மிதித்துவிட்டு வீடியோ எடுங்கள். பெடல் கீழே வரும் கணத்தில் முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று பாருங்கள். நேராக நீட்டிய காலைப் பூஜ்யம் என்று கொண்டால், சைக்கிளை நிறுத்தி அளக்கும்போது 25 முதல் 35 டிகிரி. மிதித்துக்கொண்டிருக்கும்போது சில டிகிரி கூடும், 35 முதல் 40 வரை வருவது சகஜம். நிறுத்தி அளந்ததையும் ஓடும்போது அளந்ததையும் கலந்து பேசுவதால்தான் நண்பர்களுக்குள் பாதிச் சண்டை வருகிறது. ஃபிட் ஸ்டுடியோக்களில் உள்ள ரெட்டூல் போன்ற அமைப்புகள் மணிக்கட்டு முதல் பாதம் வரை எட்டு இடங்களில் விளக்கு ஒட்டி இதையே இன்னும் துல்லியமாகப் படிக்கின்றன. கருவி கோணத்தைச் சொல்லும், எது உங்களுக்குச் சரி என்பதை எதிரே நிற்கும் ஃபிட்டர்தான் சொல்ல வேண்டும்.

உயரத்தை 3 மி.மீ. வீதமே மாற்றுங்கள். பின்னாலிருந்து ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினால், கீழ்ப்புள்ளியில் பாதவிரல் எட்டி நீண்டால், முழங்காலுக்குப் பின்னால் இழுத்தால் உயரம் அதிகம். முழங்கால் சிப்பியின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் உயரம் குறைவு. ஓர் எச்சரிக்கை: ஷூவையோ பெடலையோ மாற்றினால் அடித்தடிப்பும் மாறும், சீட் உயரத்தை மறுபடி பார்க்க வேண்டும். புது ஷூ வாங்கிய வாரம் முழங்கால் வலி வந்தால் முதல் சந்தேகம் இதன்மேல்தான் விழ வேண்டும்.

பின்தள்ளலும் சாய்வும்

கிராங்கைத் தரைக்கு இணையாக நிறுத்தி, முன்காலின் முழங்காலுக்குக் கீழே துருத்தும் எலும்பிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் அது பெடல் அச்சின்மேல் விழ வேண்டும் என்பது பழைய விதி. அதற்கு இயற்பியல் அடிப்படை எதுவும் இல்லை என்று சைக்கிள் வடிவமைப்பாளர் கீத் பாண்ட்ரேகர் வெகுநாள் முன்பே எழுதிவிட்டார். ஆனாலும் தேடலைத் தொடங்க அது மோசமான இடமில்லை. இறுதித் தீர்ப்பு வேறு சோதனையில் கிடைக்கும். சற்றுக் கனமான கியரில் அழுத்தி மிதித்துக்கொண்டே, குனிந்த நிலை மாறாமல், இரண்டு கைகளையும் ஹூட்டிலிருந்து (பிரேக் லீவரின் ரப்பர் பிடியிலிருந்து) ஓரிரு செ.மீ. மட்டும் தூக்குங்கள். உடம்பு அப்படியே நிற்கிறதா, முன்னால் சரிகிறதா? சரிந்தால் உங்கள் எடையைக் கைகள் சுமக்கின்றன என்று பொருள். சீட்டை 5 மி.மீ. பின்னால் தள்ளி மறுபடி பாருங்கள். ஹேண்டில்பார் அளவுக்கு மீறித் தாழ்ந்திருந்தாலும் இதே சரிவு வரும். சீட்டை இரண்டு மூன்று முறை தள்ளியும் சரிவு நிற்கவில்லை என்றால் ஹேண்டில்பாரைக் கவனியுங்கள்.

சீட் பின்னால் போகும்போது பெடலிலிருந்தும் விலகும். 10 மி.மீ. பின்தள்ளினால் சுமார் 3 மி.மீ. உயரம் கூடியதற்குச் சமம், அந்த அளவு இறக்க வேண்டும்.

இந்தத் துறையில் அதிகம் நடக்கும் தவறு எது என்றால், ஹேண்டில்பார் எட்டவில்லை என்று சீட்டை முன்னால் தள்ளுவது. கை எட்டுவதற்காக இடுப்பை நகர்த்தினால் கால் கெட்டுவிடும். சீட்டின் இடம் கால்களுக்காக. எட்டாத குறையை ஸ்டெம்மில் தீருங்கள்.

பின்தள்ளலைக் குறித்துவைக்கும் விதத்திலும் ஒரு பொறி உண்டு. எல்லோரும் சீட் மூக்கிலிருந்து பி.பி. வரை அளப்பார்கள். பழைய மாதிரி சீட் 270, 280 மி.மீ. நீளம், ஸ்பெஷலைஸ்டு பவர் போன்ற குட்டைச் சீட் 240. மூக்கை வைத்து அளந்த எண்ணைக் குட்டைச் சீட்டுக்குக் கொண்டுபோனால் உட்காரும் இடம் 3 செ.மீ. வரை முன்னால் வந்துவிடும். சீட்டின் அகலம் 80 மி.மீ. ஆகும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே டேப் ஒட்டுங்கள். அந்தப் புள்ளியிலிருந்து தூக்குக்குண்டை இறக்கி பி.பி. மையம் வரை கிடைமட்டமாக அளந்தால் எந்தச் சீட்டுக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

சீட் அகலத்துக்கு நெளி அட்டைப் பெட்டியின் துண்டு ஒன்று போதும். கெட்டியான முக்காலிமேல் போட்டு உட்கார்ந்து, முன்னால் குனிந்து, குதிகாலைச் சற்றுத் தூக்குங்கள். உட்காரும் எலும்புகள் அட்டையில் இரண்டு குழி விடும். குழிகளின் மையத்துக்கு மையம் அளந்து 20 முதல் 30 மி.மீ. கூட்டினால் தேவையான அகலம் வரும். சாய்வு மட்டத்திலிருந்து 3 டிகிரி கீழ்வரை. மூக்கு மேலே நோக்கினால் மறைவிடம் மரத்துப்போகும். அதிகம் கீழே நோக்கினால் முன்னால் வழுக்கிக்கொண்டே இருப்பீர்கள், உள்ளங்கை மரத்துப்போகும். கை மரத்துப்போகிறது என்று ஜெல் கையுறை வாங்குபவர்கள் முதலில் ரசமட்டத்தை எடுத்துச் சீட்மேல் வைக்கட்டும்.

ஹேண்டில்பார்

ஹூட்டைப் பிடித்திருக்கும்போது முழங்கை லேசாக மடங்கி, தோள் காதை நோக்கி ஏறாமல் இருக்க வேண்டும். மேல்கைக்கும் உடம்புக்கும் இடையே ஏறத்தாழ 90 டிகிரி. தொழில்முறை வீரரின் படத்தைப் பார்த்து உயரத்தை முடிவு செய்ய வேண்டாம், உங்கள் பின்தொடை என்ன சொல்கிறது என்று பாருங்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் ஒரு காலைத் தூக்குங்கள். 60 டிகிரிக்கு முன்பே நின்றுவிட்டால் ஹேண்டில்பாரைச் சீட்டுக்கு வெகு கீழே வைத்தால் முதுகு வளையும், இடுப்பு முன்னால் சாயாது. 80 தாண்டினால் நிறைய இறக்க இடமிருக்கிறது.

கழுத்து வலி, இடது வலது தோள்பட்டைக்கு நடுவே வலி என்றால் நீளம் அதிகமாகவோ உயரம் குறைவாகவோ இருக்கும். முழங்கால் மார்பை முட்டுவதுபோல் இருந்தால் ஹேண்டில்பாரை ஏற்றும் முன் கிராங்க் நீளத்தை யோசியுங்கள். 2024இல் சைக்கிள் பந்தய வீரர் தாதேய் பொகாச்சர் 165 மி.மீ. கிராங்குக்கு மாறியபின் குட்டைக் கிராங்க் பேச்சு எங்கும் பரவியது. அதற்கு நியாயம் உண்டு. 172.5இலிருந்து 165க்கு வந்தால் சீட் 7.5 மி.மீ. ஏறும். பெடலின் உச்சிப்புள்ளி அதே அளவு இறங்கும். ஆக உச்சியில் இடுப்புக்கும் பெடலுக்கும் இடையே 15 மி.மீ. கூடுதல் இடம் திறக்கும். ஆனால் சீட் ஏறியதால் ஹேண்டில்பாரும் 7.5 தாழ்ந்ததுபோல் ஆகும், அதை மறந்துவிடுகிறார்கள்.

ஹேண்டில்பாரின் முன்நீட்டமும், அதாவது அது வளைந்து முன்னால் நீளும் தூரமும், கணக்கில் சேரும். 80 மி.மீ. முன்நீட்டம் உள்ளதை 70 உள்ளதாக மாற்றினால் ஹூட்டைப் பிடிப்பவருக்கு ஸ்டெம்மை 10 மி.மீ. குறைத்ததுபோல்தான்.

எண்ணிலிருந்து ஃபிரேமுக்கு

இப்போது பி.பி. மையத்திலிருந்து, ஸ்டெம் ஹேண்டில்பாரைக் கவ்வும் இடத்தின் மையம் வரை இரண்டு அளவு எடுங்கள்: கிடைமட்டம், செங்குத்து. நம் 82 செ.மீ. உள்காலாருக்கு அது 469, 612 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். ஃபிரேம் அட்டவணையில் பார்க்க வேண்டியவை ரீச்சும் ஸ்டாக்கும்தான். பி.பி. மையத்திலிருந்து ஹெட் டியூப் (ஃபிரேமின் முன்பக்கக் குழாய்) உச்சி எவ்வளவு முன்னால் என்பது ரீச், எவ்வளவு மேலே என்பது ஸ்டாக். 54, 56, மீடியம் என்ற பெயர்களுக்குக் கம்பெனிக்குக் கம்பெனி அர்த்தம் மாறும்.

ஸ்டாக் 545, ரீச் 385, ஹெட் கோணம் 73 டிகிரி உள்ள ஒரு ஃபிரேமை எடுப்போம். ஹெட் டியூப்புக்கு மேலே 10 மி.மீ. மூடி, 20 மி.மீ. ஸ்பேசர் (ஸ்டெம்மை உயர்த்தும் வளையம்), 40 மி.மீ. உயர ஸ்டெம்மின் பாதி 20. மொத்தம் ஸ்டீயரர் (ஃபோர்க்கிலிருந்து மேலே வரும் குழாய்) வழியாக 50. ஸ்டீயரர் சாய்ந்திருப்பதால் இது மேலே 48 தரும், பின்னால் 15 இழுக்கும். மைனஸ் 6 டிகிரி, 100 மி.மீ. ஸ்டெம் இந்தக் கோணத்தில் முன்னால் 98, மேலே 19. கூட்டுங்கள்: முன்னால் 385 – 15 + 98, அதாவது 468. மேலே 545 + 48 + 19, அதாவது 612. ஒரு மி.மீ. வித்தியாசத்தில் உட்கார்ந்துவிட்டது.

ஸ்டாக் 564, ரீச் 379 உள்ள இன்னொரு ஃபிரேமில் ஸ்பேசரே இல்லாமல் இதே இடம் வரும். ரீச் 385, 379 என்ற இரண்டையும் மட்டும் பார்த்து இரண்டாவது சைக்கிள் குட்டை என்று முடிவு கட்டுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஒவ்வொரு 10 மி.மீ. ஸ்பேசரும் ஹேண்டில்பாரை 3 மி.மீ. பின்னால் கொண்டுவருகிறது, ஸ்டாக் வேறுபட்ட இரண்டு ஃபிரேம்களின் ரீச்சை நேரடியாக ஒப்பிடக் கூடாது.

கணக்கில் 90 முதல் 120க்குள் ஸ்டெம்மும் 10 முதல் 20 ஸ்பேசரும் வந்தால் கடையில் கிடைக்கும் ஃபிரேமே போதும். கஸ்டம் என்ற பெயருக்காக ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. நீண்ட கால், குட்டை உடம்பு உள்ளவருக்கும், 155 செ.மீ. உயரத்துக்குக் கீழே, 195க்கு மேலே உள்ளவர்களுக்கும்தான் கஸ்டம் ஃபிரேம் உண்மையில் வேலை செய்யும். ஆஸ்திரேலியாவில் ஜீலாங்கின் பாம், அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் செவன் போன்ற பட்டறைகளிடம் போனாலும் இதே நான்கு எண்களை எடுத்துக்கொண்டு போங்கள். கூடவே சீட்டின் மாடல், ஹேண்டில்பார் மாடல், கிராங்க் நீளம், டயர் அகலம், ஷூ சைஸ்.

வரைபடம் வந்ததும் மூன்று இடங்களை விரலால் தொட்டுச் சரிபாருங்கள். சீட் உங்கள் பின்தள்ளலில் நிற்கும்போது கவ்வி சீட்டுக்கு அடியிலுள்ள தண்டின் நடுவில் இருக்கிறதா, ஓரத்திலா? சீட் டியூப் கோணத்தில் ஒரு டிகிரி மாறினால் அந்த உயரத்தில் 12, 13 மி.மீ. மாறும், எனவே இதைச் சரிசெய்ய வரைபடத்திலேயே கேளுங்கள். அடுத்து, சக்கரத்தைத் திருப்பும்போது ஷூ முனை டயரில் இடிக்கிறதா? சின்ன ஃபிரேம்களில் இது வழக்கமான தொல்லை. கடைசியாக ட்ரெயில், அதாவது ஸ்டீயரர் கோடு தரையைத் தொடும் இடத்துக்கு முன்டயர் எவ்வளவு பின்னால் தரையைத் தொடுகிறது என்பது. ஹெட் கோணம் 73, ஃபோர்க் ரேக் (ஸ்டீயரர் கோட்டுக்கு முன்னால் சக்கர அச்சு தள்ளி நிற்கும் தூரம்) 45, 28 மி.மீ. டயர் என்றால் ஏறத்தாழ 57 மி.மீ. வரும், 55க்கும் 60க்கும் இடையே இருந்தால் வழக்கமான ரோடு சைக்கிள்போல் திரும்பும். இடிக்காமல் இருக்க ஹெட் கோணத்தைச் சாய்த்துவிட்டு ரேக்கை மாற்றாமல் விட்டிருந்தால் ட்ரெயில் எகிறியிருக்கும், வளைவில் சைக்கிள் சோம்பலாகத் திரும்பும்.

சைக்கிள் வந்தபின்

நான்கு எண்களையும் அப்படியே மாற்றிப் பொருத்துங்கள். கார்பன்மேல் கார்பன் வரும் இடங்களில் கிரீஸ் கூடாது, கார்பன் பேஸ்ட் தடவுங்கள். முறுக்கு விசை பாகத்திலேயே அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் அளவில். அதற்கு மேல் போகாதீர்கள். சீட் போஸ்ட் ஃபிரேமுக்குள் நுழையும் இடத்தில் கறுப்பு டேப்பை ஒரு சுற்றுச் சுற்றிவையுங்கள். போஸ்ட் மெல்ல மெல்ல இறங்குவது கண்ணுக்குத் தெரியாது, டேப் காட்டிக்கொடுக்கும்.

ஸ்டீயரரை மட்டும் உடனே வெட்டவிட வேண்டாம். ஸ்டெம்முக்கு மேலே ஸ்பேசர் அடுக்கி, அசிங்கமாகத் தெரிந்தாலும் 500 கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஹேண்டில்பாரை ஏற்ற வேண்டுமா, இறக்க வேண்டுமா என்பது அதற்குள் தெரிந்துவிடும். ஸ்டெம்முக்குக் கீழே எத்தனை மி.மீ. ஸ்பேசர் வரை போகலாம் என்று ஃபோர்க் கம்பெனி வரம்பு சொல்லியிருக்கும், அதைத் தாண்டாதீர்கள். வெட்டும் நாளில் ஸ்டெம்முக்கு மேலே ஒரு 5 மி.மீ. ஸ்பேசரை விட்டு, அதன் விளிம்புக்கு 3 மி.மீ. கீழே குறியிட்டு, கார்பனுக்கான மெல்லிய பல் ரம்பத்தால் வெட்டச் சொல்லுங்கள். ஸ்டீயரருக்கு உள்ளே போட்டு விரியவைக்கும் எக்ஸ்பாண்டர் ஸ்டெம் கவ்வும் இடத்துக்கு நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று மூடியைப் போடும் முன் எட்டிப் பாருங்கள்.